பிரைமரைப் பார்த்து நம்பினேன்: ஒரு வைல்ட்கேட் தோட்டாவோடு பட்ட பாடு

போன மாதம் டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தார். சுட்டு முடித்த பித்தளைக் கேஸ்கள் ஆறேழு, மேசைமேல் தலைகீழாக வரிசை கட்டி நின்றன. கீழே ஒரு வரி: "அண்ணா, பிரைமர் ஓரமெல்லாம் இன்னும் உருண்டையாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பொடி ஏத்தலாமா?" பிரைமர் என்பது கேஸின் அடியில் பொடியைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம். உள்ளே அழுத்தம் அதிகமானால் அதன் ஓரம் சப்பையாகும், உருண்டையாக இருந்தால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் எனக்கு நானே கேட்டு, இதே மாதிரி பிரைமரை உற்றுப் பார்த்து, ஏற்றலாம் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதிலின் விலை 1,070 டாலர், பதினான்கு மாதச் சனிக்கிழமைகள், வலது கண்ணைப் பற்றிய ஒரு வாரத்துப் பயம். தம்பியை உடனே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

நான் இருப்பது ஐடஹோ மாநிலத்தில், பாய்ஸி பக்கம். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை சேஜ் புதர்க்காடு. குளிர்காலத்தில் உறைபனி, ஜூலையில் நம்ம ஊர்க் கத்திரி வெயில். அலுவலக நண்பர் ஒருவர் கூட்டிப்போய்ப் பழக்கியதில் நெடுந்தூர இலக்கு சுடுவதில் ஆசை வந்தது. கிரீன் கார்டு கையில் வரும்வரை துப்பாக்கி எதையும் தொடவில்லை. எச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதற்குப் பொதுவாக மத்திய சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும் எனக்கு அந்த வம்பு வேண்டாம் என்று தோன்றியது. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொள்ள மத்திய அரசு உரிமம் எதுவும் தேவையில்லை, விற்றால்தான் தேவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே வந்து பழகிவிட்டு ஊருக்குப் போய் முயன்று பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சொல் விளக்கம். கேஸ் என்பது பித்தளைக் கூடு. அதன் அடியில் பிரைமர், உள்ளே பொடி, வாயில் குண்டு. நான்கும் சேர்ந்தால் தோட்டா. கம்பெனிகள் ஒரு தரம் வகுத்துக் கடையில் விற்கும் தோட்டாக்கள் ஒரு வகை. இருக்கிற ஒரு கேஸின் கழுத்தைச் சுருக்கியோ, கழுத்துக்குக் கீழே சரிகிற தோளை மாற்றியோ ஆர்வலர்கள் தாங்களே உருவாக்கிக்கொள்வது வைல்ட்கேட். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் .22-250 அப்படிப் பிறந்ததுதான்; ரெமிங்டன் அதை 1965-இல் தன் பட்டியலில் சேர்த்தது. .25-06 தோட்டாவை 1969-இல் சேர்த்தது. பி.ஓ. ஆக்லி என்ற புகழ்பெற்ற துப்பாக்கிக் கைவினைஞர் (1903–1989) பல கேஸ்களின் சுவரை நேராக்கி, தோளை 40 பாகைக்குச் செங்குத்தாக்கிக் கொள்ளளவைக் கூட்டினார். அந்த வரிசைக்கு ஆக்லி இம்ப்ரூவ்ட் என்று பெயர்.

2022 இலையுதிர்காலத்தில் எனக்குக் கிடைத்தது 6.5-06 ஆக்லி இம்ப்ரூவ்ட் குழல் பூட்டிய ஒரு பழைய ரைஃபிள். 6.5-06 என்பது .30-06 கேஸின் கழுத்தை 6.5 மில்லிமீட்டர் குண்டுக்குச் சுருக்கியது. காலமாகிவிட்ட ஒரு பெரியவருடையது. குழலின்மேல் தோட்டாவின் பெயர் மட்டும் பொறித்திருந்தது. தோட்டா உட்காரும் அறையான சேம்பரை எந்த ரீமரால் (குடையும் கருவி) குடைந்தார்கள், கழுத்துப் பகுதி எத்தனை அகலம் என்ற குறிப்பு எதுவும் கூட வரவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. இப்போது யாராவது பழைய வைல்ட்கேட் ரைஃபிள் வாங்கப் போகிறேன் என்றால் நான் முதலில் கேட்பது ரீமர் வரைபடம் இருக்கிறதா என்பதைத்தான். இல்லை என்றால், ஒரு தோட்டா நிரப்புவதற்கு முன்னால் சேம்பரை அச்செடுத்து அளந்துவிட வேண்டும். செரோசேஃப் என்ற குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தை ஊற்றி எடுப்பார்கள். எனக்கு அந்த வேலைக்குப் பின்னால் 60 டாலர் ஆனது. முதலிலேயே கொடுத்திருந்தால் மற்ற ஆயிரம் டாலரும் மிஞ்சியிருக்கும்.

கேஸ் செய்வதற்கு ஒரு முறை சுட்ட .30-06 கேஸ்கள் நூறு வாங்கினேன், 95 டாலர். நீளம் ஏறக்குறைய ஒன்றே, 2.494 அங்குலம். கழுத்தை .308-இலிருந்து .264-க்குச் சுருக்கி, மிதமான பொடியில் ஒரு முறை சுட்டால் சேம்பரின் வடிவத்துக்கு கேஸ் விரிந்து உட்காரும். இதற்கு ஃபயர்ஃபார்மிங் என்று பெயர். இங்கே முதல் தப்பு செய்தேன். கேஸைச் சுருக்கும் அச்சான டையை முழுக்க இறக்கி ஒரே அழுத்தாகக் கழுத்தைச் சுருக்கிவிட்டேன். சரியான முறை, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் லேசான எதிர்ப்போடு மூடும் இடத்தில் நிறுத்துவது. அப்படிச் செய்தால் கேஸ் சேம்பருக்குள் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிபட்டு நிற்கும். என் கேஸ்களோ தொளதொளவென்று இருந்தன. முதல் பத்தைச் சுட்டு எடுத்துப் பார்த்தால் பிரைமர் எல்லாம் அடிமட்டத்தைவிட வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஐயோ, அழுத்தம் எகிறிவிட்டது என்று பதறிப் பொடியைக் குறைத்தேன். குறைத்த பிறகு இன்னும் அதிகமாகத் துருத்தியது. இரண்டு வாரம் தூக்கமில்லை.

உண்மையில் அது அழுத்தம் குறைவு என்பதன் அடையாளம். சுடும்போது பிரைமர் முதலில் பின்னால் தள்ளப்படும். போதுமான அழுத்தம் இருந்தால் கேஸின் அடிப்பகுதி பின்னே நீண்டு வந்து பிரைமரை மறுபடி உள்ளே அமுக்கிவிடும். அழுத்தம் குறைவாக இருந்து இடைவெளி மட்டும் அதிகமாக இருந்தால் பிரைமர் வெளியிலேயே நின்றுவிடும். இதே இடைவெளியோடு ஓரளவு அழுத்தமும் சேர்ந்துவிட்டால், வெளியே வந்த பிரைமர் திரும்ப அமுங்கும்போது சப்பையாகிவிடும். பார்த்தால் அதிக அழுத்தம் போலவே இருக்கும். காரணமோ தளர்ந்த ஹெட்ஸ்பேஸ், அதாவது சேம்பருக்குள் கேஸ் முன்னும் பின்னும் ஆட இருக்கும் இடைவெளி. எனவே சப்பை பிரைமரைக் கண்டால் முதலில் கேஸின் தோளையும் சேம்பரையும் ஒப்பிட்டு அளந்து பாருங்கள். கேஸின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒரு பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்சுவரில் இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்த கேஸ் அடுத்த சுடலில் இரண்டாகப் பிரியக் கூடும், குப்பைக்குத்தான் லாயக்கு. அந்த நூறில் பதினோரு கேஸ் அப்படிப் போனது.

சரி, மீதி கேஸ்கள் ஒழுங்காக உருவாகி வந்தன. 2023 பிப்ரவரியில் பொடி அளவை ஏற்றும் வேலையைத் தொடங்கினேன். என்ன பொடி, எத்தனை கிரெய்ன் (எடை அளவு) என்று வேண்டுமென்றே எழுதவில்லை. இன்னொருவருடைய சேம்பரின் அளவைத் தன் சேம்பருக்கு எடுத்துக்கொள்வதுதான் வைல்ட்கேட்டில் பெரிய ஆபத்து. சாதாரண 6.5-06 தோட்டாவுக்கு அச்சிட்ட கையேடுகளில் அளவு உண்டு. ஆக்லி வடிவத்துக்கு அப்படி அச்சிட்ட அளவு கிடைப்பது மிக அரிது. நான் சாதாரண 6.5-06-இன் தொடக்க அளவில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறினேன். கேஸ் பெரியது, அதனால் மேலே இடம் இருக்கும் என்பது என் கணக்கு. எங்கே நிறுத்துவது? பிரைமர் சொல்லும் என்று நம்பினேன்.

மைனஸ் 2 டிகிரி குளிரில், கையுறையோடு, ஒவ்வொரு படிக்கும் மூன்று குண்டு. ஒவ்வொரு கேஸையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பேன். பிரைமரின் ஓரம் உருண்டையாக இருந்தது. நடுவில் ஊசி குத்திய இடத்தைச் சுற்றி எரிமலை வாய் போல ஒரு மேடு. அது தொடக்க அளவிலேயே இருந்ததால், ஊசி வரும் துளை கொஞ்சம் பெரிது என்று புரிந்துகொண்டேன். அது சரியான முடிவுதான். ஆனால் அந்தச் சரியான முடிவே எனக்குத் தப்பான தைரியத்தைக் கொடுத்தது. எனக்கு அடையாளங்களைப் படிக்கத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். நண்பரிடம் இரவல் வாங்கிய, குழல் நுனியில் கட்டும், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் 140 கிரெய்ன் குண்டுக்கு நொடிக்கு 2,990 அடி காட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வேகமான குழல் வாய்த்திருக்கிறது என்று மனைவியிடம்கூடச் சொன்னேன்.

இந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 6.5 பிஆர்சி என்ற தோட்டா கடையில் கிடைக்கிறது. அதன் கேஸ் கொள்ளளவு என் ஆக்லி கேஸுக்கு ஏறக்குறைய சமம். அதற்கு வகுத்த உச்ச அழுத்தம் 65,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஹார்னடி கம்பெனி 143 கிரெய்ன் குண்டுக்கு, 24 அங்குலச் சோதனைக் குழலில், நொடிக்கு 2,960 அடி என்று அறிவிக்கிறது. என் குழலும் 24 அங்குலம். அதே அளவு கேஸ், அதே நீளக் குழல், ஏறக்குறைய அதே எடைக் குண்டு. அதைவிட 30 அடி கூடுதல் வேகம் எனக்கு எங்கிருந்து வந்தது? குண்டு மூன்று கிரெய்ன் இலேசானதால் கொஞ்சம் கூடும்தான். ஆனால் நான் சுட்டது உறைகுளிரில், வேகம் குறைய வேண்டிய நாளில். அழுத்தத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிரைமர் துருத்தியபோது பயப்படத் தேவையில்லாததற்கு இரண்டு வாரம் பயந்தேன்; 2,990 என்று திரையில் வந்தபோது பயப்பட வேண்டியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இன்னொரு கணக்கும் அப்போது தெரிந்திருந்தால் நின்றிருப்பேன். அழுத்தம் மாறாமல் கேஸின் கொள்ளளவு மட்டும் கூடினால், கூடிய சதவீதத்தில் கால் பங்குதான் வேகம் கூடும். இது பல காலமாக ரீலோடிங் செய்பவர்கள், அதாவது தோட்டாவைத் தாங்களே நிரப்புபவர்கள், கையாளும் கைக்கணக்கு. தண்ணீர் ஊற்றி எடை பார்த்ததில் என் ஆக்லி கேஸ் சாதாரண 6.5-06-ஐ விட 5 சதவீதம் பெரிது. அப்படியானால் வேகம் ஒன்றேகால் சதவீதம், அதாவது நொடிக்கு சுமார் 35 அடி கூடலாம். அவ்வளவுதான். நான் கையேட்டின் உச்ச வேகத்தைவிட 120 அடிக்கு மேல் போயிருந்தேன். கேஸைத் தண்ணீரால் அளப்பதற்குப் பத்து நிமிடம் போதும்: சுட்ட கேஸில் பழைய பிரைமரை விட்டுவைத்து, வாய் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, வெறும் எடையைக் கழித்தால் முடிந்தது. அதை அந்தப் பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டும்.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்த அளவிலேயே அறுபது எழுபது தோட்டா சுட்டேன். சில கேஸ்களின் அடியில், போல்ட் முகத்தில் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் இருக்கும் துளையின் வட்டம் பளபளவென்று பதிந்திருந்தது. துளையின் விளிம்பில் பிசிறு இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு கேஸில் புதுப் பிரைமரை ஏற்றும்போது கைக்குப் பிடிப்பே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனது. கேஸ் பழசு, ஒரு முறை யாரோ சுட்டதுதானே என்று அதையும் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. ஒவ்வொரு சமாதானமும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. ஆனால் எஜெக்டர் தழும்பு, தளர்ந்த பிரைமர் குழி, எதிர்பாராத வேகம் மூன்றும் ஒரே தோட்டாவில் சேர்ந்து வந்தால் மூன்று தனித்தனிக் காரணம் தேடக் கூடாது. நான் தேடினேன்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. 39 டிகிரி வெயில். தோட்டாப் பெட்டி காரின் பின்சீட்டில் இரண்டு மணி நேரம் கிடந்தது. கையில் எடுத்தால் பித்தளை சுட்டது. முதல் குண்டுக்கு குரோனோகிராஃப் 3,081 காட்டியது. குளிர்கால வேகத்தைவிட 91 அடி கூடுதல். போல்ட்டைத் தூக்கக் கை கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. தூசி என்று நினைத்தேன். இரண்டாவது குண்டை ஏற்றிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று சூடான சேம்பருக்குள்ளேயே இரண்டு நிமிடம் வைத்திருந்தேன். அது இன்னொரு தப்பு. சூடான சேம்பரில் பொடி இன்னும் சூடேறும். சுட்டேன். வழக்கமான சத்தத்தோடு வேறொரு சத்தமும் வந்தது, சீறல் மாதிரி. முகத்தில் சூடான காற்றும் மணலை வாரி இறைத்த மாதிரி ஒரு எரிச்சலும். பாதுகாப்புக் கண்ணாடியின் வலது பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள சந்தில் ஏதோ புகுந்து கண் எரிந்து நீர் கொட்டியது. அன்று கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிக்க முடியவில்லை.

சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. தண்ணீர் பாட்டிலால் கண்ணைக் கழுவிக்கொண்டு பத்து நிமிடம் காரின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. அப்புறம் போல்ட்டைத் திறக்கப் பார்த்தேன், அசையவில்லை. அங்கேயே நிறுத்தி, அப்படியே துப்பாக்கியைப் பையில் வைத்துக் கைவினைஞரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் ரப்பர் சுத்தியலால் தட்டினேன். ஏழெட்டுத் தட்டில் திறந்தது. கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் உடைந்து கேஸ் உள்ளேயே நின்றுவிட்டது. பிரைமர் குழியிலிருந்து கழன்று, போல்ட் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. காரின் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, முதல்ல கண்ணைக் காட்டிட்டு வந்துரலாம்" என்றாள். மூன்று சிறு பித்தளைத் துணுக்கு எடுத்தார்கள். விழித்திரைக்கு ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொல்ல ஒரு வாரம் ஆனது. எங்கள் பங்குக்குக் கட்டியது 185 டாலர். அந்த ஒரு வாரமும் அவள் இரவில் எழுந்து எழுந்து என் கண்ணைப் பார்த்தாள். எனக்கு அதுதான் மிகவும் உறுத்தியது.

ஒரு வயதான துப்பாக்கிக் கைவினைஞரிடம் ரைஃபிளையும் சுட்ட கேஸ்களையும் சுடாத தோட்டாக்களையும் கொண்டுபோனேன். அவர் பிரைமரைப் பார்க்கவே இல்லை. நான் முன்பே சுட்டுவைத்திருந்த, டையில் போடாத ஒரு கேஸை எடுத்தார். ஒரு புதுக் குண்டை அதன் வாயில் வைத்தார். குண்டு உள்ளே போகவில்லை. இன்னொரு கேஸ், அதிலும் போகவில்லை. மூன்றாவதில் பாதி போய் நின்றுவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே பாதி புரிந்துவிட்டது.

சுட்ட கேஸின் வாய் சேம்பரின் அளவுக்கு விரிந்து, கொஞ்சம் சுருங்கி நிற்கும். அதற்குள் புதுக் குண்டு தடையில்லாமல் விழ வேண்டும். விழவில்லை என்றால், சுடும் நேரத்தில் கழுத்து விரிவதற்கு சேம்பரில் இடமில்லை, குண்டைப் பித்தளை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். குண்டு தாமதமாக விடுபட்டால் அழுத்தம் எகிறும். .30-06 கழுத்தை 6.5-க்குச் சுருக்கினால் அந்தப் பித்தளை எங்கே போகும்? சுவர் தடிக்கும். நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.297 அங்குலம், அச்செடுத்துப் பார்த்ததில் சேம்பரின் கழுத்து 0.298. இடைவெளி 0.001 தான், அவர் குறைந்தது 0.002 வேண்டும், 0.003 இருந்தால் நிம்மதி என்றார். போதாததற்கு, பழைய .30-06 தோளின் ஒரு பகுதி புதுக் கழுத்தின் அடிப்பகுதியாக மாறியிருக்கிறது. தோளின் பித்தளை கழுத்தைவிடத் தடிமன். அதனால் கழுத்து தோளைச் சந்திக்கும் இடத்தில் உள்பக்கமாக ஒரு மோதிரம் போலத் தடித்திருந்தது. டோநட் என்பார்கள். என் நீளமான 140 கிரெய்ன் குண்டுகளின் அடி அந்த மோதிரத்துக்குக் கீழே வரை இறங்கியிருந்தது.

இந்தச் சோதனைக்குக் காசு ஒரு பைசா வேண்டாம். ஒரு சுட்ட கேஸ், ஒரு குண்டு. வைல்ட்கேட் மட்டுமில்லை, கழுத்தைச் சுருக்கிச் செய்கிற எந்த கேஸுக்கும் முதல் நாளே இதைச் செய்யுங்கள். குண்டு கழுத்தின் அடிவரை தாராளமாக இறங்குகிறதா என்றும் பாருங்கள். வாயில் புகுந்து பாதியில் நின்றால் டோநட்டை சந்தேகப்படுங்கள்.

பிரைமர் ஏன் கடைசிவரை உருண்டையாகவே இருந்தது என்று அவரிடம் கேட்டேன். 2022-இல் பிரைமர் பஞ்சத்தில் எது கிடைத்ததோ அதை ஆயிரத்துக்கு 92 டாலர் கொடுத்து வாங்கியிருந்தேன். அது தடித்த, கடினமான கிண்ணம் கொண்ட வகை. கடினமான கிண்ணம் எளிதில் சப்பையாகாது. மென்மையான கிண்ணம் மிதமான அழுத்தத்திலேயே சப்பையாகும். இன்னொருவரின் படத்தோடு உங்கள் பிரைமரை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை என்பது அதனால்தான். டெக்சாஸ் தம்பியிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன். அதோடு, ஆக்லி கேஸின் நேர்ச் சுவர் சேம்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் போல்ட்டின்மேல் விழும் உந்தல் குறையும். போல்ட் இறுகுவது போன்ற எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும். தரமாக வகுத்த தோட்டாவில் கையேடு ஒரு வேலி. வைல்ட்கேட்டில் அந்த வேலி இல்லை, எச்சரிக்கையும் தாமதம். பித்தளை தழும்பு காட்டும் நேரத்தில் நாம் வரம்பைத் தாண்டி வெகுதூரம் வந்திருப்போம்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன், போல்ட் இறுகினால் எல்லாமே அழுத்தமில்லை. ஒரு முறை டையில் போடுவதற்காகக் கேஸில் தடவிய லேனோலின் மசகைத் துடைக்காமல் சுட்டு, எஜெக்டர் தழும்பு வந்து பயந்திருக்கிறேன். எண்ணெய்ப் பசை இருந்தால் கேஸ் சுவரைப் பிடிக்காமல் பின்னால் வழுக்கி போல்ட்டை மோதும். சேம்பரில் அழுக்கு, கேஸின் நீளம் கூடி வாய் சேம்பர் முனையில் முட்டுவது, டை சரியாகச் சுருக்காத கேஸ், இவையும் அதே மாதிரிக் காட்டும். என் கேஸ்களின் நீளத்தை அவர் அளந்தார். அது மட்டும் சரியாக இருந்தது. மைக்ரோமீட்டரால் கேஸ் அடியின் விட்டத்தை பத்தாயிரத்தில் ஒரு அங்குலம் வரை அளந்து அழுத்தம் கணிக்கும் வழியையும் நான் இரண்டு மாதம் முயன்றேன். ஒரே கேஸை மூன்று முறை அளந்தால் மூன்று எண் வந்தது. எனக்கு அது உதவவில்லை. பிரைமர் குழியின் பிடிதான் உதவியது. ஐந்து கேஸைத் தனியே எடுத்து, ஒரே அளவில் ஐந்து முறை நிரப்பிச் சுடுங்கள். பிரைமர் ஏற்றும்போது கையில் தெரியும் எதிர்ப்பு இரண்டாம் மூன்றாம் முறையிலேயே தளர்ந்தால், வேறு எந்த அடையாளம் இல்லாவிட்டாலும் அந்த அளவு அதிகம்.

வீட்டில் மிச்சமிருந்த 37 தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். போல்ட் முகத்தைச் சரிசெய்து புது எக்ஸ்ட்ராக்டர் போட 260 டாலர், கழுத்தைச் சீவும் கருவி 170. வீணான குண்டு, பொடி, பிரைமர் எல்லாம் சேர்த்து 300 இருக்கும். புது கேஸ்களை ஒழுங்காகச் செய்து, கழுத்தை வெளியே சீவி, டோநட்டை உள்ளே ரீமரால் எடுத்து, நிரப்பிய கழுத்து 0.295-க்கு வந்ததும் மறுபடி தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை பிரைமரும் மென்மையான வேறு வகை. பிரைமரோ பொடியின் பெட்டி எண்ணோ கேஸோ ஒன்று மாறினாலும் கீழிருந்துதான் தொடங்குகிறேன். ஒவ்வொரு படியிலும் வேகத்தை ஒரு நோட்டில் எழுதி, படிக்குப் படி எத்தனை அடி கூடுகிறது என்று பார்க்கிறேன். ஏறக்குறைய சமமாகக் கூடிக்கொண்டு வரும். திடீரென்று அதிகமாகத் தாவினாலோ, பொடி ஏற்றியும் வேகம் ஏறாமல் நின்றாலோ, அன்றைய வேலை அதோடு முடிந்தது. சுடுவதற்கு முன்பே உச்ச வேகம் ஒன்றை நோட்டின் மேலே எழுதிவிடுகிறேன். கொள்ளளவுக் கணக்கில் எனக்கு வந்தது நொடிக்கு 2,900 அடி. அதைத் தொட்டுவிட்டால், பிரைமர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த படி கிடையாது. வெயில் காலத்தில் தோட்டாப் பெட்டியை ஐஸ் இல்லாத குளிர்ப்பெட்டியில் வைத்து நிழலில் விடுகிறேன். வேகம் பார்க்கும் சோதனையையும் கோடையில்தான் செய்கிறேன்.

2024 ஜூலையில், 38 டிகிரியில், அதே இடத்தில் பத்து தோட்டா சுட்டேன். சராசரி 2,884. இரண்டு விரலால் போல்ட் திறந்தது. மனைவியும் கூட வந்திருந்தாள், காதடைப்பும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நாற்காலியில். சுட்ட கேஸ் ஒவ்வொன்றையும் எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் ஒரு குண்டை எடுத்து ஒவ்வொன்றின் வாயிலும் விட்டுப் பார்த்தாள். பத்திலும் விழுந்தது.